போய்ச் சேர்ந்ததும் ஒரு போன்

இரவு பஸ், ஜன்னலோர சீட் என்று போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் போனதிலேயே நீளமான இரவுப் பயணம் எது?" என்று கேட்டிருந்தார்.

தூரத்தை வைத்துச் சொன்னால் அது ஏதாவது ரயில் பயணமாக இருக்கும். ஆனால், எனக்கு உடனே ஞாபகம் வந்தது வெறும் 80 கிலோமீட்டர் பயணம். ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போகிற தூரம்கூட இல்லை. அதற்கு ஒரு ராத்திரி முழுக்கவும், மறுநாள் மதியம் வரையும் ஆனது. வண்டி, 32 அடி நீளமுள்ள ஒரு பழைய பாய்மரப் படகு. ஓட்டுநர், என் தாய்மாமா.

மாமாவுக்கு அப்போது வயது 64. பவானிக்குப் பக்கத்தில் பிறந்து, காவிரியில் குதித்து நீச்சல் பழகி, வேலைக்காக அமெரிக்கா போய், மயாமியிலேயே தங்கிவிட்டவர். ரிட்டயர்மென்ட் பணத்தில் எல்லோரும் வீடு வாங்குவார்கள். இவர் இன்னொருவர் ஓட்டிச் சலித்த படகை வாங்கினார். அம்மா அன்றிலிருந்து, "என்ற தம்பிக்கு வயசாக ஆக புத்தி கொறையுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம் 12 நாள் லீவில் நான் மயாமி போனேன். "படகுலயே உன்னை பஹாமாஸ் கூட்டிட்டுப் போறேன் கண்ணு" என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். மயாமிக்கு நேர் கிழக்கே கடலைத் தாண்டினால், பஹாமாஸின் பிமினி தீவு. இடையில் 45 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வெயில் பளிச்சென்று அடிக்கிறது. கடற்கரையில் குழந்தைகள் குளிக்கிறார்கள். "ஏனுங்க மாமா, இதுக்கு மேல என்ன வேணும்? கிளம்பலாமுங்க" என்றேன்.

மாமா பதில் சொல்லவில்லை. காரில் ஏற்றி, கடலோரத்தில் நிறுத்தி, பைனாகுலரைக் கையில் கொடுத்தார். "அடிவானத்தைப் பாரு. கோடு நேரா இருக்குதா?"

நேராக இல்லை. கடலும் வானமும் சேரும் கோடு மேடும் பள்ளமுமாக இருந்தது. அந்த மேடுகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

"இந்த ஊர்ப் படகுக்காரங்க இதை யானைன்னு சொல்லுவாங்க. யானைக வரிசையா நடக்கற அன்னிக்கு யாரும் கடலைத் தாண்ட மாட்டாங்க."

அந்த யானைகளுக்குக் காரணம் கல்ஃப் ஸ்ட்ரீம் என்கிற நீரோட்டம். ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே கடலுக்குள்ளேயே ஒரு நதி தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. ஓடும் தண்ணீரின் அளவு, விநாடிக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர். எனக்கு இந்த எண் புரியவில்லை என்றதும், மாமா ஊர்க்கணக்கில் சொன்னார். நம் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத மேட்டூரை இந்த நீரோட்டத்தின் முன்னால் வைத்தால், ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிடும்.

1513-ல் இந்தப் பக்கம் வந்த ஸ்பெயின் நாட்டுக்காரர் போன்ஸ் டி லியோனின் கப்பல்கள், நல்ல காற்று இருந்தும் முன்னே போகாமல் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டன. 1760-களின் கடைசியில், இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்கள் மட்டும் ஏன் தாமதமாக வருகின்றன என்று யோசித்தார், அப்போது தபால்துறையில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின். திமிங்கில வேட்டைக் கப்பலின் கேப்டனாக இருந்த அவருடைய உறவினர் டிமோத்தி ஃபோல்ஜர், "அவர்கள் நீரோட்டத்தை எதிர்த்து வருகிறார்கள்" என்று சொல்லி, படமும் வரைந்து கொடுத்தார். ஃபிராங்க்ளின் அதை அச்சிட்டார். தபால் கப்பல் கேப்டன்கள் அதைச் சட்டை செய்யவே இல்லை!

இந்த நீரோட்டம் வடக்கே போகும்போது, காற்று வடக்கிலிருந்து எதிரே வீசினால் என்ன ஆகும்? அலைகள் செங்குத்தாக எழும்பும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே இருக்காது. கரையில் இதமான காற்றாகத் தெரிவது, அங்கே சின்னப் படகுகளைப் புரட்டிப் போடும். குளிர்காலத்திலும் மார்ச்சிலும் வடக்கிலிருந்து குளிர்காற்று அலை அலையாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்று ஓய்ந்து அடுத்தது வருவதற்குள், தெற்குக் காற்றோ, காற்றே இல்லாத நேரமோ கொஞ்சம் கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் தாண்ட வேண்டும்.

"எனக்கு லீவு முடியுதுங்க மாமா" என்றேன்.

"படகுல இருக்கக்கூடாத சாமான் காலண்டர்தான் கண்ணு. கடல்ல சிக்கினவங்கள்ல பாதிப் பேரு, 'திங்கக்கிழமை ஆபீஸ் இருக்குது'ன்னு கிளம்பினவங்க."

ஏழாம் நாள் காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. "நாளைக்கு ராத்திரி" என்றார் மாமா. கூடவே, "அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"வந்து சொல்லிக்கலாமுங்க. இப்பச் சொன்னா பயந்துக்குவாங்க."

மாமாவின் முகம் மாறிவிட்டது. "வீட்டுல சொல்லாம வர்றவங்களை நான் படகுல ஏத்தறதில்லை."

வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. திட்டு விழும் என்று காத்திருந்தேன். "சரி, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாலை, மயாமிக்குத் தெற்கே கீ பிஸ்கேன் தீவில் இருக்கும் ஒரு சின்னத் துறையில் படகை நிறுத்தியிருந்தோம். அதன் பெயரே 'நோ நேம் ஹார்பர்'. பெயர் இல்லாத துறைமுகம்! பஹாமாஸ் போகும் சின்னப் படகுகள் பலவும் காற்றுக்காகக் காத்திருக்கும் இடம் அது. பக்கத்தில், 1825-ல் முதலில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம்.

அத்தை காரில் வந்து, டிபன் கேரியரில் புளிசாதமும், ஒரு பொட்டலம் இஞ்சி மரப்பாவும் கொடுத்தார். அத்தை படகில் கால் வைக்க மாட்டார். கட்டிப்போட்ட படகு ஆடினாலே தலை சுற்றும். மாமா அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். படகின் நிறம், நீளம், இரண்டு பேரின் பெயர், கிளம்பும் நேரம், போகும் வழி, சேரும் நேரம் எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி: 'மதியம் 2 மணிக்குள் நான் கூப்பிடவில்லை என்றால், கடலோரக் காவல்படைக்குப் போன் செய்யவும்.' கீழே அந்த எண்.

அங்கே படகு ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் சொல்லித் தருகிற பழக்கம் இது. 'ஃப்ளோட் பிளான்' என்பார்கள். இந்தத் தாளைக் காவல்படையிடம் கொடுப்பதில்லை. கரையில் நமக்காகக் கண் விழித்திருக்கக்கூடிய ஒருவரிடம் கொடுப்பார்கள்.

அத்தை தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு மணி வரைக்கும் என்னைக் காக்க வைக்காதீங்க" என்றார்.

ராத்திரி 12.30-க்கு நங்கூரத்தை எடுத்தோம்.

ஏன் ராத்திரி என்று நானும் கேட்டேன். எங்கள் படகின் வேகம் மணிக்கு 5 கடல் மைல்தான், நடையும் ஓட்டமுமாகப் போகிற ஆள் வேகம். பகலில் கிளம்பினால் பிமினி போய்ச் சேரும்போது இருட்டிவிடும். நடுக்கடலில் சுமார் 800 மீட்டர் ஆழம். தீவை நெருங்கியதும் சட்டென்று சில மீட்டர்களாகக் குறைந்துவிடும். மணல் திட்டும் பாறையும் இருக்கும் அந்தத் தண்ணீரில், சூரியன் மேலே இருந்தால்தான் நிறத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க முடியும். அதனால், தெரிந்த கரையை இருட்டில் விட்டுக் கிளம்பி, தெரியாத கரையை வெளிச்சத்தில் அடைவார்கள்.

இன்னொரு வேடிக்கை. பிமினி நேர் கிழக்கே இருக்கிறது. மாமாவோ படகின் மூக்கைத் தென்கிழக்குப் பக்கமாகத் திருப்பினார். "பவானியில பரிசல்காரர் எப்படிப் போவாரு? எதிர்க்கரைக்கு நேரா விட்டா ஆறு இழுத்துட்டுப் போயிரும்னு, முதல்ல மேல தள்ளித்தானே போவாரு? அதேதான்." படகின் வேகம் 5, நீரோட்டத்தின் வேகம் சராசரியாக அதில் பாதி, இரண்டரை. பள்ளிக்கூடத்தில் சைன் 30 டிகிரி என்றால் அரை என்று படித்தோமே, அதன்படி படகின் மூக்கு 30 டிகிரி தெற்கே. கணக்குப் புத்தகத்தில் படித்தது வாழ்க்கையில் எனக்கு உதவியதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் கரை ஒரு மஞ்சள் வெளிச்சமாக மட்டும் ஆகிவிட்டது. நிலா ஏற்கெனவே மறைந்திருந்தது. இடப்பக்கம் துருவ நட்சத்திரம். அது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் நாம் இருக்கும் இடத்தின் அட்சரேகை. ஈரோட்டில் 11 டிகிரி. தெருக்கோடி வீடே அதை மறைத்துவிடும். இங்கே 25 டிகிரி, தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். சின்ன மோட்டார் ஒரே சீராக ஓட, தெற்குக் காற்று பாயைப் பிடித்துக்கொண்டது. உடம்பில் லைஃப் ஜாக்கெட், அதிலிருந்து படகுக்கு ஒரு கயிறு. "மாடு மாதிரி கட்டியிருக்கறேன்னு நினைக்காதே. இருட்டுல தண்ணிக்குள்ள விழுந்த ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம்" என்றார் மாமா.

மூன்று மணிக்கு அவர் பெஞ்சிலேயே சாய்ந்தார். ஒரு மணி நேரம் என் காவல். "கப்பல் வெளிச்சத்தைப் பாத்துக்கோ. பச்சை மட்டும் தெரிஞ்சாலோ சிவப்பு மட்டும் தெரிஞ்சாலோ அது பக்கவாட்டுல போகுதுன்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா, நம்ம மேல வருது. சந்தேகம்னா எழுப்பு. சும்மா எழுப்பினேன்னு திட்ட மாட்டேன்."

தென்கிழக்கில் விருச்சிகம் எழும்பியிருந்தது. தேளின் கொடுக்கு வரை தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால், தெற்கே ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்திலேயே பச்சை.

எழுப்ப வேண்டும். ஆனால், மாமா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் முழுக்க எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், ஒருவேளை விலகிப் போய்விடும் என்று காத்திருந்தேன். அது விலகவில்லை. பிறகுதான் எழுப்பினேன்.

கண் விழித்த அடுத்த விநாடி, ரேடியோவில் 16-ம் சேனலில் கப்பலைக் கூப்பிட்டார். ஒரு குரல் அமைதியாகப் பதில் சொன்னது. நாங்கள் படகைத் திருப்பி விலகிக்கொண்டோம். பத்து நிமிடத்தில், ஒரு தெருவே நடந்து போவதுபோல் அந்தச் சரக்குக் கப்பல் எங்களைக் கடந்து வடக்கே போனது. அதன் அலையில் படகு நான்கு முறை தூக்கிப் போட்டது.

"எப்பப் பாத்தே?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் இருக்குமுங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, அதான்..."

"அந்தக் கப்பல் 18 நாட் வேகத்துல போகும். ரெண்டு நிமிஷத்துல ஒரு கிலோமீட்டருக்கு மேல வந்துருக்கும்." அவ்வளவுதான். திட்டவில்லை. ஆனால், மறுபடி படுக்கவும் இல்லை. அவருடைய தூக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, மிச்ச ராத்திரி முழுவதற்கும் அதைக் கெடுத்துவிட்டேன்.

விடிந்ததும் சுற்றிலும் தண்ணீர் மட்டும். அப்படியொரு அடர் நீலத்தை நான் பார்த்ததில்லை. 11 மணிக்குச் சேர்ந்துவிடுவோம் என்பது கணக்கு. நடுவில் நீரோட்டம் நினைத்ததைவிட வலுவாக இருந்ததால், மூக்கை இன்னும் தெற்கே திருப்ப வேண்டியதாயிற்று. 11 ஆகும்போது எதிரே தென்னை மர உச்சிகள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் நீலம் பச்சையாகி, பச்சை கண்ணாடியாகி, அடியில் மணல் தெரிந்தது. படகைக் கட்டும்போது மணி 12.15.

மாமாவின் போனில் சிக்னல் இல்லை. என் இந்திய சிம் எப்போதோ செத்துவிட்டது. மரத்தில் மஞ்சள் கொடியை ஏற்றினோம். இன்னும் அனுமதி வாங்காத படகு என்று அதற்கு அர்த்தம். கேப்டன் மட்டும் இறங்கி குடியேற்ற அலுவலகத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் போகலாம். மற்றவர்கள் படகைவிட்டு இறங்கக் கூடாது. இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மாமா போனார்.

அந்த ராத்திரியைவிட நீளமாக இருந்தது அதற்குப் பிறகான நேரம். 12.45. ஒரு மணி. ஒன்றரை. எனக்கும் கரைக்கும் நடுவே நான்கடிப் பலகை. அதற்கு அப்பால், போன் உள்ள மனிதர்கள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பத்திரமாக வந்துவிட்டது எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். தெரிய வேண்டியவருக்குத் தெரியாது. மடித்த தாளை விரித்துக் கடைசி வரியை அத்தை பார்த்துக்கொண்டிருப்பது என் கண்ணிலேயே நின்றது. மணி இரண்டு ஆனது.

2.20-க்கு மாமா திரும்பி வந்தார். "அத்தைகிட்டப் பேசினீங்களா?" என்றேன்.

"வரிசையில நிக்கறதுக்கு முன்னாடியே பேசிட்டேன். படகுத்துறை ஆபீஸ்ல ஒரு பொண்ணு போன் குடுத்துச்சு. மணி அப்ப 12.40. அக்காகிட்டயும் அவளே சொல்லிடறேன்னா."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. 'சரிங்க'ன்னா." கொஞ்சம் நிறுத்தி, "குரல் கம்மியிருந்துச்சு. ராத்திரி பூராத் தூங்கலையாட்ட இருக்குது" என்றார்.

நான்கு நாள் கழித்து மயாமி வீட்டில், கிச்சன் மேஜையில் அந்தத் தாளைப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 1.00, 2.00, 3.10, 4.00, 5.00. ஒவ்வொரு முறை எழுந்து வெளியே வந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்த நேரம். எதிரில், 'தெற்கு', 'தெற்கு', 'தெற்கு'. நாங்கள் இரண்டு பேர் கடலைத் தாண்டினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் தாண்டியிருக்கிறோம். அதில் ஒருவருக்கு நட்சத்திரமும் இல்லை, நீலத் தண்ணீரும் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று ஏர்போர்ட்டில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு கண்ணு" என்றார். எத்தனையோ வருடமாக எத்தனையோ பேர் என்னிடம் சொன்ன வாக்கியம். தலையாட்டிவிட்டுப் போய், குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மெதுவாகப் பேசுவதுதான் என் வழக்கம்.

கோவையில் விமானம் இறங்கும்போது மதியம் இரண்டு மணி. பெட்டி வருவதற்கு முன்பே கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை நாலரை.

முதல் மணி அடித்து முடிவதற்குள் அத்தை எடுத்துவிட்டார்.